முத்துக்கனியின் சிங்காரம்

"அய்யாவக் கும்பிட வந்தாளா, ஆட்டத்துக்கு வந்தாளா?"

பகவதியம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். அஞ்சுகிராமத்தை ஒட்டியிருந்த அந்த நிழல்தாங்கலில், அய்யா வழிக்காரர்களின் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசிக்கும் உச்சிப்படிப்பு இன்னும் தொடங்கவில்லை. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முத்துக்கனி வந்துகொண்டிருந்தாள். பச்சைச் சேலை, சிவப்பு ரவிக்கை, கொண்டையைச் சுற்றிக் கனகாம்பரம். யாரையும் பார்க்காமல் நேரே பள்ளியறை முன்னால் போய் நின்றாள்.

உள்ளே சிலை கிடையாது. அய்யா வழியில் கண்ணாடிதான் சாமி. முன்னால் ஒரு விளக்கு. கும்பிடுகிறவர் முகமே அதில் தெரியும்.

முத்துக்கனி அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம், கனவில் நிற்கிற மாதிரி.

"ஏட்டி, நீ அய்யாவக் கும்பிடுதியா, ஒன்னையே கும்பிடுதியா?" என்றாள் பகவதியம்மாள்.

முத்துக்கனி திரும்பினாள். சிரித்தாள். "அய்யா உண்டு, மயினி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாமம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பகவதியம்மாளுக்குத் தாங்கவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்த பணிவிடைக்காரர் பொன்னுலிங்கத்திடம் போனாள்.

"அண்ணாச்சி, இதக் கேக்க ஆளில்லியா? போன வாரம் வெள்ளச் சேல, ஒரு பூ கெடையாது. அதுக்கு முந்தின வாரம் கல்யாணப் பொண்ணு மாதிரி வந்து நின்னா. வாரம் ஒரு கோலம்! புருசன் கொழும்புக்குப் போயி நாலு வருசம் ஆச்சு. இந்தச் சிங்காரம் யாருக்குக் காட்ட?"

"கண்ணாடிய வச்சா பாக்கத்தானே செய்வாவ, தங்கச்சி?"

"வெளையாடாதீங்க. ஆஸ்பத்திரியில சோறு பொங்கப் போறேன்னு திங்கக்கிழம பஸ் ஏறுதா, சனிக்கிழம சாயங்காலம் வந்து எறங்குதா. எந்த ஆஸ்பத்திரின்னு ஊர்ல ஒருத்தருக்குத் தெரியுமா? அவ இனிமே படியேறப்படாது. இல்லேன்னா எங்க வீட்டு எண்ணெ வெளக்குக்கு வராது."

பகவதியம்மாளின் புருசன் நாராயணபெருமாள் ஊரிலேயே பெரிய கடைக்காரர். அந்த வருடம் நாட்டின் முதல் எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரர்களும் அவர் கடையில் சோடா குடிக்காமல் போனதில்லை.

"சரி" என்றார் பொன்னுலிங்கம் கடைசியில். "அடுத்த வாரம் வரட்டும். நீங்களே சொல்லிருங்க. எனக்கு நாக்கு வராது."

அடுத்த ஞாயிறு தாங்கல் நிறைந்திருந்தது. சாம்பிராணிப் புகை தாழ்ந்து நின்றது. வெளியே பனையோலைகள் காற்றில் உரசும் சத்தம் மழை வருகிற மாதிரி கேட்டது.

முத்துக்கனி வந்தாள். மஞ்சள் சேலை. கோணல் வகிடு. இடது காதோரம் ஒற்றைச் செவ்வரளி. எப்போதும்போல் நேரே போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள்.

பகவதியம்மாள் எழுந்து வேகமாக அவள் முதுகுக்குப் பின்னால் போனாள். வாயைத் திறந்தாள்.

கண்ணாடியில் முத்துக்கனி இல்லை.

புகைக்குள், விளக்குச் சுடருக்குப் பின்னால், தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி ஒரு முகம் ஆடியது. மீன்வாலாக இழுத்த கண்மை. தாடையில் மையால் வைத்த குட்டிப் பொட்டு. அந்தப் பொட்டை வைக்காமல் ஒரு நாளும் வாசலைத் தாண்டாதவள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

தாணம்மாள். பகவதியம்மாளின் கூடப் பிறந்த தங்கை.

பகவதியம்மாள் கையை நீட்டி முத்துக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருட்டி... யாரு ஒனக்கு இப்பிடி உடுத்தச் சொன்னா?"

"மெள்ளப் பேசுங்க, மயினி. சனம் நிக்கி."

முத்துக்கனி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நான் சோறு பொங்குதது பெருவியாதி ஆஸ்பத்திரியில. அங்க கெடக்கிற பொம்பளையளுக்கு இங்கல்லாம் வர முடியுமா? கண்ணாடியில மொகம் பாக்கவும் மனசு வராது. அய்யாவப் பாக்கப் போனா எப்பிடி உடுத்திட்டுப் போவேன்னு வாரம் ஒருத்தி சொல்லுவா. நான் அதே மாதிரி உடுத்திட்டு வந்து, அவளுக்காவ நிப்பேன். திங்கக்கிழம போனதும், 'கண்ணாடியில நான் எப்பிடி இருந்தேன்?'னு கேப்பா. அதுக்குத்தான் நல்லாப் பாத்து வச்சுக்கிடுவேன். இன்னைக்குத் தாணம்மாக்கா மொறை."

ஆறு வருடத்துக்கு முன்னால் தாணம்மாளின் முதுகில் ஒரு தேமல் தெரிந்தது. உணர்ச்சியில்லாத, தொழுநோய்த் தேமல். பகவதியம்மாளுக்குக் கல்யாணத்துக்கு வளர்ந்துவரும் மகள் இருந்தாள். மூடிய வில்வண்டியில் தாணம்மாளை ஏற்றிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வெளியூரில் வைசூரி கண்டு செத்துப்போனாள் என்று சொல்லி, பதினாறாம் நாள் அடியந்திரமும் நடத்தி ஊருக்குச் சோறு போட்டவள் பகவதியம்மாள்தான்.

"ஒனக்கு... எல்லாம் தெரியுமா?"

"நான் அங்க வேலைக்குப் போன அன்னைக்கே அக்கா சொல்லிட்டா. யார்ட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியமும் வாங்கிட்டா. ஊர்ச் சேதி கேப்பா, சொல்லுவேன். அவ்வளவுதான்."

படிப்பு தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பொன்னுலிங்கம் இவர்கள் இருவரையும் பார்த்தார். பகவதியம்மாள் முத்துக்கனியின் தோளை இன்னும் விடவில்லை.

"எனக்குச் சாபம் போடச் சொன்னாளா?" பகவதியம்மாள் அவள் தோளை உலுக்கினாள். "சொல்லுட்டி. அய்யாகிட்ட என்னதான் கேக்கச் சொன்னா?"

முத்துக்கனி கைகூப்பிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒங்க மவ கல்யாணம் ஒரு கொறையும் இல்லாம நடக்கணும்னு."