கடைசி நாற்காலி

பெரிய வியாழன் பூசையில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்தே மறுநாள் தம்பி கஸ்பாருக்குக் கடிதத்தைத் தொடங்கினேன். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலச் சாமியார் பாதம் கழுவப் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். முதலில் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, அவருக்கடுத்து எங்கள் உறவுக்காரர்கள், கடைசிக்கு முந்தியதில் அப்பா. கடைசி நாற்காலி காலி. "வேற ஆளை உட்கார வைக்கவா, இன்னாசி?" என்று சாமியார் கேட்டதற்கு, "அது எம்மவன் இடம் சாமி, கிடக்கட்டும்" என்றார் அப்பா. போன வருடம், "இனி உன் கால் என் வாசல்ல படக்கூடாது" என்று கஸ்பாரைத் துரத்தியவரும் அவர்தான். சாமியாருக்குக் கண் மங்கல். அப்பாவின் பாதங்களை முத்தமிட்டுவிட்டு, பழக்கத்தில் நகர்ந்து, காலி நாற்காலிக்கு முன்னும் முழங்காலிட்டுச் செம்பைச் சரித்தார். தண்ணீர் எதன்மேலோ வழிவதுபோல இரண்டாகப் பிரிந்து, சத்தமில்லாமல் தாம்பாளத்தில் இறங்கியது. "சாமிக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்று பின்னால் ஒரு குரல் சிரித்தது. அதற்குள் அப்பா கீழே உட்கார்ந்து, சாமியாரின் இடுப்புத் துண்டை வாங்கி, வெறும் காற்றில் குதிகால், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். "திருக்கை மீன் முள்ளு கிழிச்ச கால் சாமி. மெள்ளத்தான் துடைக்கணும்." எழுந்தபோது துண்டில் ஈரமணல் ஒட்டியிருந்தது. அதையும் எழுதிவிட்டு, "அவனை வரச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன். "வேண்டாம். துடைச்சதை மட்டும் எழுது" என்றார். உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சுடுமணலில் தபால் பெட்டியை நோக்கி நடந்தார்.