லோரீனின் பயம்

குட்டி எடுப்பதற்காக வெண்டல் நேற்று மாலை ஜோடி சேர்த்த கிங்ஸ்நேக் பாம்புகளில் ஆணைக் காணோம். பெண் மட்டும் சுருண்டு கிடந்தது. பெட்டியின் கொக்கியோ போட்டது போட்டபடி இருந்தது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒரு பாம்பு வெளிய வந்தாலும் துல்சாவுக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவள் மனைவி லோரீன். பாம்பு அறை வாசலைக்கூட மிதிக்காதவள்.

வெண்டல் சோபாவுக்கு அடியில் பார்த்தான். வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டான்.

"என்னத்த தேடற?" என்றபடி வந்தாள் லோரீன்.

"அது... ஆணைப் பெண்ணு முழுங்கிடுச்சு, லோரீ. இந்த ஜாதி, பாம்பையே தின்னும்."

"அவ வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கே, எங்க ஒளிச்சு வச்சிருக்காளாம்?"

"ஆமால்ல..." என்றவன் திடுக்கிட்டான். "நீதான் அந்த ரூம் பக்கமே வரமாட்டியே! உனக்கு எப்படித் தெரியும்?"

லோரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பின்ன? அவளுக்கு எலி போடாம, பசியோட ஜோடி சேர்த்துட்டு நீ பாட்டுக்குக் குறட்டை விடற! நான்தான் அவனைத் தூக்கிட்டுப் போய் கராஜ்ல காலிப் பெட்டியில விட்டேன்."

"கையாலயா? உனக்குத்தான் பாம்புன்னா பயமாச்சே!"

"பயமில்லைன்னு சொல்லியிருந்தா, இத்தனை வருஷமா அந்தப் பெட்டியெல்லாம் யாரு கழுவியிருப்பா?"