சத்தம் போடாத கார்

“அந்த ஓட்டைய அடைச்சுப்புட்டா எங்க பொழப்புல மண்ணு விழுந்துரும்யா!”

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த டிரைவர் மொக்கைச்சாமியின் கால்மாட்டில் கஞ்சிக் கலயத்தை ணங்கென்று வைத்தாள் அவன் மனைவி ராமக்காள்.

பண்ணையார் கருத்தக்கண்ணனின் காரில் புகைக்குழாயைத் துரு தின்றிருந்தது. சமயநல்லூரில் வண்டி கிளம்பினாலே வயல்வரைக்கும் தடதடக்கும். அதைக் கேட்டதும், மரத்தடியில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்கள் ஓடிப்போய்ச் சேற்றில் இறங்கிவிடுவார்கள். நடவு நேரத்தில் கரையில் நிற்பவளைக் கண்டால், பண்ணையார் அன்றோடு வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்.

இந்தச் சங்கதியை நேற்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள்.

“மொக்கை! பட்டறையில குடுத்துப் பத்தவச்சா நாளாகும். இங்கனயே அடைச்சு விடு. பூனை கணக்காப் போயி நிக்கணும்!” வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“ஆகட்டுங்கய்யா!”

“நொகட்டுங்கய்யா!” ராமக்காள் பல்லைக் கடித்தாள். “ஒம்புள்ளயுந்தான்யா அங்க பாலுக்குக் கத்துது.”

மொக்கைச்சாமி செங்கல் துண்டால் துருவைத் தேய்த்தான். உப்புத்தண்ணீர் விட்டுப் பிசைந்த புற்றுமண்ணை ஓட்டையில் அப்பினான். மண்ணெண்ணெய் டின்னில் வெட்டிய தகரத்தை அதன்மேல் சுற்றினான்.

“கட்டுக்கம்பிய எடு புள்ள.”

“எங்கழுத்துல போட்டு முறுக்கு.”

“கருவாடு எம்புட்டு இருக்கு?”

“ஊரு வகுறு எரியுது, ஒனக்குக் கருவாடு கேக்குதாக்கும்! சுடக்கூட இல்ல, பச்சையாக் கெடக்கு.”

“இருக்கட்டும். நான் சுட்டுக்கிறேன்.”

பொட்டலத்தை அவன் நெஞ்சில் வீசிவிட்டு, திரும்பிப் பாராமல் வயலுக்கு நடந்தாள்.

உச்சிப்பொழுது. மேல்காற்று ஊளையிட்டது. பிள்ளை அழுகை பொறுக்காமல் ராமக்காள் கரையேறினாள். கூடவே இன்னும் சிலர். பிள்ளை மடியில், காது பாதையில். காற்றைத் தவிர ஒரு சத்தமில்லை.

“எவடி வயக்காட்டுல கருவாடு சுடுறது?” முத்துத்தாய் மூக்கை உறிஞ்சினாள். “எச்சி ஊறுது!”

ராமக்காள் மேற்கே பார்த்தாள். அந்தப் பக்கம் வீடில்லை, அடுப்பில்லை. வண்டிப்பாதைதான் கிடந்தது. சட்டென்று பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள்.

“எறங்குங்கடி! அம்புட்டுப் பேரும் எறங்குங்க!”

கார் பூனைபோல ஊர்ந்து வந்து நின்றது. கரையில் ஒருத்தி இல்லை. குனிந்த முதுகுகள்தான். பெண்கள் குலவை வேறு போட்டார்கள். பண்ணையாரின் முகம் தொங்கிப்போனது. துண்டால் மூக்கைப் பொத்தினார்.

“என்னடா நாத்தம் இது?”

“புதுக்கட்டு பாருங்கய்யா. சூடேறி எறுகுது.”

பாதையை ஒட்டிக் குனிந்து நாற்று நட்ட ராமக்காளுக்கு மட்டும் காரின் அடிவயிறு தெரிந்தது. தகரத்துக்கு மேலே, கட்டுக்கம்பிக்குள் வரிசையாக, அவள் கொடுத்த சாளைக் கருவாடு பொன்னாக முறுகிப் புகைந்துகொண்டிருந்தது.