மூன்றாவது கியர் பாக்ஸ்

அன்று சனிக்கிழமை என்றுதான் நினைக்கிறேன். வெள்ளியாகவும் இருக்கலாம். கடைக்காரர் நசீர் பாய் தலையில் இருந்தது தொப்பியா, ஈரத்துண்டா என்பதும் இப்போது நிச்சயமில்லை.

என் கணவர் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

"மூஞ்சில காட்டாத."

எதை என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுப்பேட்டை, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் தெரு. உச்சி வெயில். கார் கதவுகள் செங்குத்தாக அடுக்கியிருந்தன. எஞ்சின்கள் கொக்கியில் தொங்கின. தரையெல்லாம் ஆயில். ஒவ்வோர் அடிக்கும் செருப்பு ஒட்டிக்கொண்டு, யோசித்துவிட்டு, விட்டது.

என் வேனின் கியர் பாக்ஸ் உடைந்து பத்து நாள். கோடை விடுமுறை என்பதால் தப்பித்தேன். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பதினொரு பிள்ளைகள். திங்கள் காலை ஏழரைக்கு என் வேன் தெருமுனையில் நிற்காவிட்டால், செவ்வாய்க்கிழமை அவர்கள் வேறு வேனில் இருப்பார்கள்.

ஓட்டுவது நான். வீடு அதில்தான் ஓடுகிறது. புது கியர் பாக்ஸ் வாங்க வழியில்லை.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் பழைய பாகம் வாங்குவது எப்படி என்று ஐந்து வீடியோ பார்த்திருந்தார்.

உடைந்ததை மாதிரிக்குக் கையோடு எடுத்துப்போக வேண்டும். புதுப் பெயின்ட்டில் மயங்கக் கூடாது. வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் தேய்த்தால் மினுங்கக் கூடாது. மினுங்கினால் அது கியர் பல் தேய்ந்த இரும்புத்தூள்.

எல்லாம் சரிதான். எரிச்சலே அதுதான்.

கடைசியாக ஒன்று. விலையைக் கேள். பாதியைச் சொல். திரும்பிப் பார்க்காமல் நட. கூப்பிடுவார்கள்.

முதல் நாள், முதல் கடையில் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது, திருவள்ளூர் மெக்கானிக் ஒருவர் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் வேறு கடை. நடந்தார். கூப்பிடவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். டீ அவர் யோசனை. கியர் பாக்ஸ் போயிருந்தது.

இப்போது மூன்றாவது.

பாய் தார்ப்பாயை விலக்கினார். நான் குந்தி உட்கார்ந்தேன். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. கியரை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆயிலை விரலில் தேய்த்தேன்.

கறுப்பு. வெறும் கறுப்பு.

முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் என் காலை மிதித்தார்.

பாய் விலை சொன்னார். அவர் பாதி சொன்னார்.

"அந்த வெலைக்கு இதோட போட்டோதான் சார் கெடைக்கும். வேணுமா?"

"அப்ப வேணாம் பாய். நீ வா, போலாம்."

நடந்தார்.

நான் எழுந்து நின்றேன். கால் வரவில்லை.

அந்த முதுகை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம். வீட்டில் ஒரு சொல் தடித்துவிட்டால் சட்டையை மாட்டிக்கொள்வார். வாசலில் செருப்பை மெதுவாகப் போடுவார். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார்.

ஏங்க, என்பேன்.

உள்ளே வருவார். சாப்பிடுவார். யார் பேச்சில் நியாயம் என்பது அதோடு முடிந்துபோகும்.

பாயும் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, நீ போகல?"

"திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது பாய். வேன் ஓட்டறேன். எனக்கு இது வேணும்."

எந்த வீடியோவிலும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

பாய் தார்ப்பாயை ஓரமாகச் சுருட்டினார்.

"இத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? அவரு பின்னாடி போனா வருஷம் பூரா நடந்துனே இருப்பம்மா நீ."

விலையில் கொஞ்சம் குறைத்தார். பெரிதாக இல்லை. ஒரு வாரத்தில் கோளாறு வந்தால் கொண்டுவந்து மாற்றிக்கொள் என்று சொல்லி, தன் கடைச் சரக்கு என்பதற்கு அடையாளமாக மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். ஆள் வைத்து ஆட்டோவில் ஏற்றினார்.

பெயின்ட் காயவில்லை. துப்பட்டாவில் ஒட்டியது. இழுக்க இழுக்க இன்னும் பரவியது. சீ என்றேன். மூன்று நாளில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே சொல் அது.

முனையில் அவர் நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. இந்தப் பக்கம் பார்க்காமல்.

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"உன்கூட வந்தவருதானமா? ஏத்திக்கலாமா?"

கியர் பாக்ஸ் என் கால்களுக்கிடையே இருந்தது. இரும்பு சுட்டது. சீட்டில் இன்னும் ஒருவர் உட்காரலாம். நான் கொஞ்சம் நகர்ந்தால் போதும்.

வாயைத் திறந்தேன்.

அந்தச் சொல் வரவில்லை. வேறு வந்தது.

"நேரா போங்கண்ணே."

வேன் அதன்பின் ஆறு வருடம் ஓடியது. பிறகு அதையும் பழைய இரும்புக்குப் போட்டேன். பாய் கடையை மாதவரம் பக்கம் மாற்றிக்கொண்டார். வேனில் வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள்; மற்றவர்களைப் பற்றித் தெரியாது. என்னிடம் இப்போது இரண்டு வேன்கள் இருக்கின்றன. அவர் அரக்கோணத்தில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார்.