ஒரு பிடி உறை

“கையைத் தொறடி, விஷ்ணுப்ரியா!”

ஸ்ரீலட்சுமி மாமி போட்ட சத்தத்தில் வலியசாலைத் தெருவே மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தது.

மாமியின் கத்திரிச் செடிப் பைக்கு முன்னால் குனிந்திருந்த பக்கத்து வீட்டு விஷ்ணுப்ரியா அப்படியே நின்றாள். மூடிய கைக்குள் மண்.

“தெனம் உறைமோர் கேட்டு வந்தே, குடுத்தேன். இப்போ மண்ணையும் அள்ளறியா? அதுவும் கேக்காம!”

விஷ்ணுப்ரியா கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

மாமியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்த மழைக்குப் பிறகு தெருவில் வீட்டுக்கு வீடு கத்திரி வாடிச் செத்தது. காய்த்து நின்றவை இரண்டே மாடிகள். ஒன்று மாமியுடையது, மற்றது விஷ்ணுப்ரியாவுடையது. வார்டிலேயே சிறந்த மாடித்தோட்டம் எது என்று சொல்ல வேளாண் அலுவலகமான கிருஷி பவனின் ஆபீசர் ரெம்யா வருகிற நாள் இன்று.

ரெம்யா படியேறி வந்தாள்.

“அடிபொளி, மாமி! போன வாரம் எடுத்த மண்ணோட ரிசல்ட் வந்தாச்சு. வேரைச் சுத்தி முழுக்க நல்ல பாக்டீரியா. செடியையும் வளர்க்கும், வாடல் நோயையும் கிட்ட விடாது. எப்போ கலந்தீங்க?”

“பாக்டீரியாவா? நானா?” மாமி பதறினாள். “அது கிருமியோன்னோ! அன்னிக்கு இவ பாக்டீரியா போட்ட சாண உரம் கொண்டு வந்தப்போகூட, சுவாமி இருக்கற ஆத்துல கிருமியை ஏத்தாதேன்னு வெரட்டி விட்டேனே...”

மாமி சட்டென்று விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பினாள்.

விஷ்ணுப்ரியா மெல்லக் கையை விரித்தாள்.

மாமியின் பைகளில் இருந்தது செம்மண். அந்தக் கையில் இருந்ததோ சாணம் கலந்த கறுப்பு மண்.

அள்ள வரவில்லை, போட வந்திருக்கிறாள்.

“மாசாமாசம் ஒரு பிடி போடுவேன், மாமி. செடி வாடினா உங்க மொகமும் வாடிடுமே.”

“போட்டியில எதிர நின்னுண்டு, எனக்கே போட்டியாடி?”

“நாலு வருஷமா நீங்க குடுக்கற மோர்லதான் எங்காத்துத் தயிர் ஒறையறது. அதுவும் கிருமிதான், மாமி.”

ரெம்யா சிரித்தபடி பேனாவைத் திறந்தாள். “அப்போ ஃபர்ஸ்ட்டுனு யார் பேரை எழுதட்டும்?”

மாமி தலையை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

“எழுதிக்கோங்கோ. கத்திரிக்கா எங்காத்துது, உறை அவாத்துது!”