ரெண்டு விரலுக்குத்தான் லாயக்கு

மேனாம்பேட்டின் சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. நடுவில் அந்தக் கையடக்கக் கணினி கிடக்கிறது. உள்ளங்கை அகலம், பட்டாணி அளவு பட்டன்கள். நேற்று யுவராணி இதை விமர்சித்து வீடியோ போட்டாள். "ரெண்டு விரல் இருக்கிறவனுக்குத்தான் இது லாயக்கு" என்று அதில் அவள் அடித்த நக்கலுக்கு ஊரே சிரித்துவிட்டது. இதே கணினியை வாங்கியவர்கள் இப்போது வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதுகிறார்கள். ஒருவர் திட்டுகிறார், ஒருவர் பேட்டரியை நினைத்துப் புலம்புகிறார். போனில் அலட்சியமாகத் தள்ளிக்கொண்டே போகும் அவள் கட்டைவிரல் ஓரிடத்தில் நிற்கிறது. கள்ளிக்குப்பம் வீராசாமி என்று பெயர். "கரெக்டா சொன்னம்மா. ப்ரெஸ் மிஷின்ல வலது கைல மூணு விரல் பூட்ச்சு. மீதி கீற ரெண்டுக்கு இதான் தோதா கீது. இத்த வச்சிதான் கம்பெனில ஸ்டோர் வேல குட்த்துகீறாங்க. நம்மள மாரி ஆளுங்கள நென்ச்சி பேசுன பாரு, நல்லா இருப்ப."

'மன்னிச்சிடுங்க ஐயா' என்று தட்டுகிறாள். மன்னிப்புக் கேட்டால் அது நக்கல் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிறாள். பக்கத்து அறையில் அவள் குரலே சத்தமாக ஓடுகிறது. புருஷன் பரத் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "இன்னா லந்து யுவா! இந்த எடத்த மட்டும் நாலு வாட்டி பாத்துட்டேன்."

"அத்த நிறுத்து."

வீராசாமி தன் கருத்தின் கடைசியில் கும்பிடும் கைகளின் எமோஜி ஒன்று போட்டிருக்கிறார். அதில் பத்து விரலும் இருக்கின்றன.