தோளைத் தட்டுகிறவன்

காது கேட்காது என்று நிரூபிக்கப் போன பழைய சிப்பாய், நன்றாகவே கேட்கிறது என்ற தீர்ப்போடு திரும்பினார். மூன்றாவது அப்பீலும் ஊற்றிக்கொண்டது. இனி ஊனத்தொகையும் கிடையாது, காதுக் கருவியும் கிடையாது. காதுப் பரிசோதனைக் கூண்டில் ஓசை எழுந்தபோதெல்லாம், கேட்டால் அழுத்தச் சொன்ன பொத்தானைத் தப்பாமல் அழுத்தியிருக்கிறார்.

“கேக்கலன்னா எதுக்குங்க அழுத்துறீங்க?” என்று மனைவி சைகையோடு கேட்டாள். அவளுக்கும் அலுத்துவிட்டது.

“பின்னாலேருந்து தோளைத் தட்டுறான். காவல்ல நிக்கிறப்ப ஏதாவது சத்தம் வந்தா தட்டுவான், அதே மாதிரி. கை தானா போயிடுது.”

“யாரு?”

“என்கூட நின்னவன். என் காதை எடுத்த குண்டுலயே போனானே, அவன்தான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவள் பின்னால் தள்ளி நின்று, தனக்கே கேட்காத குரலில், “என்னங்க” என்றாள்.

அவருடைய சட்டை, இடது தோளில், லேசாக அமுங்கி எழுந்தது.

“கூப்பிட்டியா?” என்று திரும்பினார்.